அய்யாதுரை அண்ணாச்சி வீட்டுக் குளியலறை

வீட்டைக் கட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கட்டிய வீட்டை உடையவரிடம் ஒப்படைக்கிற கடைசி ஒரு மாதம் இருக்கிறதே, அதுதான் உயிரை எடுக்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அடையாறில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே என் ஆபீஸ். வாசலில் 'ஜெயபாரதி, பி.இ., கட்டடப் பொறியாளர்' என்று போர்டு. அதைப் படித்துவிட்டு மேலே ஏறி வந்து, "சார் இல்லியா?" என்று என்னிடமே கேட்கிறவர்கள் இன்னமும் உண்டு. அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அய்யாதுரை அண்ணாச்சி அப்படிக் கேட்கவில்லை. "நீங்கதான் எஞ்சினியராம்மா? நல்லதாப் போச்சு. எம் பொண்டாட்டி சொல்லுதது ஒங்களுக்குத்தான் புரியும்" என்றார். அதற்காகவே அந்த வேலையை ஒப்புக்கொண்டேன். எனக்கு எவ்வளவு புரிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், கேளுங்கள்.

அண்ணாச்சிக்கு ஊர் உடன்குடிப் பக்கம். பதினேழு வயதில் தி.நகருக்கு வந்து ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிற வேலையில் சேர்ந்தார். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து மறுபடி அடுக்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. பதினைந்து வருஷம் அப்படி நின்றபிறகு, ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டார். லைனிங் துணி, புடவை ஃபால்ஸ், ஜிப், ஊக்கு, நூல்கண்டு. மனைவி தங்கபுஷ்பம் அக்கா கல்லாவில் உட்கார்ந்தார். ரவிக்கைத் துணியைத் தூக்கிக் காட்டினால் போதும், எழுந்திருக்காமலே கை நீட்டி அதே நிறத்தில் லைனிங்கை உருவிவிடுவாராம். பேரம் பேசுகிற தையல்காரர்கள் அண்ணாச்சியிடம்தான் பேசுவார்கள், அக்காவிடம் வாய் கொடுக்க யாருக்கும் தைரியம் கிடையாது. ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இரண்டு பேருமாக இருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கல்லாவிலேயே சரிந்துவிட்டார். பிழைத்தார், பேச்சும் திரும்பி வந்தது. வலது கையும் வலது காலும் வரவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான்.

மயிலாப்பூர் வீட்டில் குளியலறை பின்பக்கம். முக்கால் அடி இறக்கம், குறுகலான கதவு, நாற்காலி போகாது. அண்ணாச்சி அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார். சாய்ந்துவிடக்கூடாதே என்று கதவைத் திறந்துபோட்டு அங்கேயே நிற்பார். பிறகு திரும்பத் தூக்கி வருவார். காலையில் இரண்டு தடவை, கடையைப் பூட்டிவிட்டு வந்து மத்தியானம் ஒரு தடவை, கடை மூடி வந்தபின் இன்னொரு தடவை. அறுபத்து மூன்று வயதில், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு. உதவிக்கு வைத்த பெண்கள் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. மத்தியானத்தில் கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பழகின தையல்காரர்களெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஊரில் இருந்த பங்கு நிலத்தை விற்று, நகைகளை அடகு வைத்து, பேங்க் லோனும் வாங்கிப் பாலவாக்கத்தில் அரை கிரவுண்டில் வீடு கட்டத் துணிந்தார். வரைபடம் போட நான் மயிலாப்பூருக்குப் போயிருந்தபோது தங்கபுஷ்பம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஹாலு, கிச்சனெல்லாம் நீ எப்படிப் போட்டாலும் சரி, பாரதி. பாத்ரூம் மட்டும் எனக்கு ஒழுங்கா வேணும். நானே உருட்டிக்கிட்டு உள்ள போவணும். நானே கதவச் சாத்திக்கிடணும். அவ்வளவுதான்."

அவருடைய நாற்காலியை டேப் வைத்து அளந்தேன். குளியலறையை ஏழடி அகலம், எட்டடி நீளம் என்று போட்டேன். கதவு மூன்றடி, இடது கைக்கு வாகாகப் பிடிகம்பிகள். ஏழடி இருந்தால் நாற்காலி உள்ளே முழுவதுமாகத் திரும்பும். வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன். அக்கா அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது அக்காவின் தம்பி முருகன் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். வள்ளியூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். கையில் டேப், போனில் மனையடி சாஸ்திரம். அறையின் உள்ளளவு இத்தனை அடி என்றால் இன்ன பலன் என்று சொல்கிற கணக்கு அது. ஆறு நல்லது, எட்டு நல்லது, ஏழு தரித்திரம். குளியலறை ஏழடி. அதை ஒட்டிய பூஜை அறை ஐந்தடி, ஐந்து கணக்கிலேயே சேராதாம். நடுச்சுவரை ஓரடி தள்ளிக் கட்டினால் இரண்டும் ஆறாகிவிடும் என்று மனிதர் கண்டுபிடித்துவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணாச்சியிடமிருந்து எனக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி வந்தது. நான் உடனே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ஓரடி குறைஞ்சா நாற்காலி திரும்பாது."

"ஓரடியில என்னம்மா வந்துரப் போவுது? ஏழு தரித்திரம்னு தெரிஞ்சப்புறமும் எப்படிக் கட்டுதது? பட்டதெல்லாம் போதாதா நாங்க? பயமா இருக்கும்மா."

அந்தக் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. நான் ஒரு தடவைதான் சொன்னேன், அதற்குமேல் சொல்லவில்லை. அன்றைக்கு வேளச்சேரியில் வேறொரு வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட், காலை ஐந்து மணியிலிருந்து வெயிலில் நின்றிருந்தேன், பேச எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரர் கேட்கிறார், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். தங்கபுஷ்பம் அக்காவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். போடவில்லை. மறுநாள் மேஸ்திரி பக்கிரி சுவரைத் தள்ளிக் கட்டினார்.

அடுத்த கூத்து பால் காய்ச்சியது. ஆவணியை விட்டால் புரட்டாசியில் வீடு புகக்கூடாது, ஐப்பசியில் மழை என்று, பெயின்ட் முடியாத வீட்டில் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். கமோடும் வாஷ்பேசினும் அட்டைப் பெட்டியில் இருந்தன. அக்காவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்து ஹாலில் வைத்தார்கள். குளியலறையை எட்டிப் பார்க்கப் போனவரிடம், "உள்ள சிமெண்ட் மூட்டை கெடக்கு, அப்புறம் பாக்கலாம்" என்றார் அண்ணாச்சி. பக்கிரிக்குப் புது வேட்டி சட்டை, எனக்குப் பட்டுப்புடவை. பூஜை அறையில் முருகன் விளக்கேற்றி, ஆறடி அறைக்குள் நின்று பூரித்துப்போனார். எல்லோரும் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

புரட்டாசிக் கடைசியில் ஒருவழியாக வேலை முடிந்தது. ஒப்பந்தப்படி ஏழு தவணை. ஆறு வந்துவிட்டது. கடைசித் தவணை மூன்றரை லட்சம், வீட்டைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கும்போது. அந்தப் பணத்தைத்தான் நான் நம்பியிருந்தேன். டைல்ஸ் கடைக்காரர் தினமும் போன். பக்கிரியின் ஆட்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. அண்ணாச்சிக்கும் நெருக்கடிதான். மயிலாப்பூர் வீட்டுக்காரர் அந்த வாரக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்குமே அன்றைக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஒப்படைப்பு நாளன்று காலை பத்து மணிக்கு அண்ணாச்சியும் அக்காவும் காரில் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். அடியில் காலியாக இருக்கிற சத்தம் கேட்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி. எல்லா ஸ்விட்சையும் போட்டு அணைத்தார், எல்லாக் குழாயையும் திறந்து மூடினார். மொட்டை மாடியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று குனிந்து பார்த்தார். முப்பத்தொரு குறை எழுதினார். அதில் பத்தொன்பது நியாயமானது, மீதி சும்மா. நாற்பத்தைந்து வருஷம் துணியில் பழுது கண்டுபிடித்த கண் அல்லவா. எனக்கு எரிச்சல் வந்தாலும் மறுத்துப் பேசவில்லை.

"பாத்ரூம நான் பாக்குதேன்" என்று தங்கபுஷ்பம் அக்கா இடது கையால் சக்கரத்தை உருட்டி, இடது காலால் தரையை உந்திக்கொண்டு போனார். வாசலில் சக்கரம் தட்டவில்லை. உள்ளே போனார். ஒரு முழு நிமிஷம் முகம் மலர்ந்திருந்தது. பிறகு கமோடை நோக்கித் திரும்பப் பார்த்தார். சக்கரம் சுவரில் இடித்தது. பின்னால் வந்து மறுபடி திருப்பினார், மறுபடியும் இடித்தது. கமோடுக்குப் பக்கத்தில் வாகாக நிற்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. நாற்காலியின் பின்பாதி வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். அப்படி நின்றால் கதவைச் சாத்த முடியாது. ஏழெட்டுத் தடவை முயன்றார். புது டைலில் கறுப்பாகச் சக்கரத் தடம் விழுந்தது. எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அண்ணாச்சி என்மேல் பாய்ந்தார். "என்னம்மா கட்டியிருக்கிய? அளந்துதான கட்டுனிய? ஒரு வீல்சேர் திரும்பாத பாத்ரூமுக்கா நான் அறுவது லட்சத்தக் கொட்டுனேன்? இதுக்காவத்தானம்மா இந்த வீடே! பொம்பள, புரியும்னு நம்புனேம்லா!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை பேசாமல் போனை எடுத்தேன். அந்தக் குரல் செய்தியைத் தேடிப் போட்டேன். காலி வீட்டில் சத்தம் கணீரென்று எதிரொலித்தது.

"எம்மா பாரதி, அய்யாதுரை பேசுதேன். பாத்ரூம் ஏழடி ஆவாதாம்மா. நடுச்சுவர ஓரடி தள்ளிப் போட்டுருங்க. ரெண்டும் ஆறடியாயிரும். புஷ்பத்துட்ட சொல்ல வேண்டாம், அவ கத்துவா."

அந்தக் கடைசி வாக்கியம் அதில் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. போட்டிருக்கக் கூடாது. போட்டுத் தொலைத்துவிட்டேன். அண்ணாச்சி பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜெயித்தேன் என்று ஒரு துளி சந்தோஷம்கூட எனக்கு இல்லை, சத்தியமாக.

ஓரமாக நின்றிருந்த பக்கிரிதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா மேடம் இது, பேஜாராப் பூட்ச்சே. நாலரை இஞ்சு செவுருதான், ஒரே நாள்ல தட்டிப்புடலாம். ஆனா அந்தாண்ட சாமி ரூம் கீது. பால் காய்ச்சி வெளக்கேத்திக்கினாங்க. அத்த நா இடிக்க மாட்டேன்பா."

அண்ணாச்சி முருகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடாமலே முருகனின் குரல் எல்லோருக்கும் கேட்டது. பால் காய்ச்சிய வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சுவரை இடிக்கக்கூடாது, அதுவும் பூஜை அறைச் சுவரை, குடும்பத்துக்கு ஆகாது, உங்களுக்கென்ன பைத்தியமா அத்தான் என்று ஒரே கூச்சல். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி, விடுங்கம்மா. இறக்கம் இல்ல, வாசலும் அகலமா இருக்கு. மயிலாப்பூருக்கு இது எவ்வளவோ மேல். வழக்கம்போல நானே தூக்கிக்கிடுதேன். நாலு வருசம் தூக்குனவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் முடியாதா? பேப்பரக் குடுங்க, கையெழுத்துப் போட்டுருதேன். எனக்கு இனிமே தெம்பில்லம்மா."

சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்துவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்றரை லட்சம். டைல்ஸ் கடைக்காரரின் வாயை இன்றே அடைத்துவிடலாம். ஒப்படைப்புக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டியும்விட்டேன்.

"ஏங்க, வச்சிருங்க அத" என்றார் தங்கபுஷ்பம் அக்கா.

குளியலறை வாசலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தார். குரலை உயர்த்தவில்லை. கல்லாவில் அப்படித்தான் பேசியிருப்பார் போலிருக்கிறது.

"ஒங்க முதுகு வலிக்குதேன்னு மட்டுமா இந்த வீட்டக் கட்டச் சொன்னேன்? நாலு வருசமா நான் கதவச் சாத்தலங்க. ஒரு நாள், ஒரு நேரம் சாத்தல. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கிய, நல்ல மனுசந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நிக்கியளே! ஒரு பொம்பள எப்படிங்க இருப்பா? சாமிக்கு ஆறடி வேணும்னு ஒங்களுக்கும் என் தம்பிக்கும் தோணிச்சு. அந்தச் சாமி என்ன, என்னய மாதிரி கதவத் தெறந்துபோட்டுக் குளிக்குதா?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் எங்கிட்ட சொல்லலியே, பாரதி."

"தப்புதான்க்கா" என்றேன். நீட்டிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி எழுந்தார். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பூஜை அறைக்குள் போனார். படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து அடுப்பங்கரை மேடையில் சுவரோரமாக வரிசையாக வைத்தார். விளக்கையும் எடுத்து வைத்தார். "பக்கிரி, சுத்தியலக் குடு."

"வாணாம் அண்ணாச்சி, சொன்னாக் கேளு."

"நீ இடிக்க வேண்டாம்யா. மொத அடிய நான் போட்டுருதேன். வார பாவம் எனக்கு வரட்டும். அப்புறம் ஒனக்கு அது வெறும் சுவரு."

முதல் அடியில் பூச்சுதான் உதிர்ந்தது. மூன்றாவது அடியில் ஒரு செங்கல் ஆடியது. நாலாவதற்கு ஓங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பக்கிரி வந்து கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். "போ, போய்க் குந்து. உன்னோட ஒரே ரோதனையாக் கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே இடிக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பைப் மாற்றி, டைல் பெயர்த்து, திரும்பப் பூசி. செலவில் பாதி என்னுடையது என்று நானே சொன்னேன், அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. டைல்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி இரண்டு வாரம் தவணை வாங்கினேன். மயிலாப்பூர் வீட்டுக்காரர் இன்னொரு முழு மாத வாடகையைக் கறாராகப் பிடுங்கிக்கொண்டார். முருகன் அக்காவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். புதுச் சுவரைக் கட்டி முடித்த அன்று பக்கிரி டேப்பை விரித்துப் பிடித்து, "அண்ணாச்சி, உள்ளளவு எவ்ளோன்னா..." என்று ஆரம்பித்தார். "சொல்லாத! எனக்குத் தெரிய வேண்டாம்" என்று அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. தூறல். மறுபடியும் இரண்டு பேரும் வந்தார்கள். இந்தத் தடவை குறைப் பட்டியல் இல்லை, நாணயம் இல்லை. தங்கபுஷ்பம் அக்கா நேராகக் குளியலறைக்கு உருட்டிக்கொண்டு போனார். உள்ளே நாற்காலி ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பியது. இடது கையால் கதவைத் தள்ளினார். சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அண்ணாச்சி பழக்கத்தில் வாசலை ஒட்டியே நின்றார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நின்றது. பத்து நிமிஷம். அவர் என்னைப் பார்த்தார். விழுந்திருப்பாரோ என்று எனக்கும் தோன்றியது. கால் மணி நேரம் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி புஷ்பம், என்ன ஆச்சு? கீழ விழுந்துட்டியா?"

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"ஆயிட்டா?"

"அது எப்பவோ ஆயிட்டு."

"அப்ப வெளிய வாயேன்."

"வருதேன். செத்த நேரம் இருங்க, சும்மா உக்காந்திருக்கேன்."

அண்ணாச்சி கதவின்மேல் கை வைத்தபடி நின்றார். அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், என் முன்னால் அழுகிறோமே என்று வெட்கப்படவும் இல்லை. "சும்மா உக்காந்திருக்காளாம்மா" என்று தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். பிறகு கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் உள்ளே கேட்காமல் மெதுவாக நடந்து ஹாலைத் தாண்டி வெளித் தாழ்வாரத்துக்குப் போனார். நானும் பின்னால் போய், முன்கதவை இழுத்துச் சாத்தினேன்.